இடியேறனுக்குப் பலம் நாற்பத்தேழு

இடியேறன் பூதராசாவைக் கொன்றபோது பூதராசா சரியாகப் பேசத் தொடங்கவே இல்லை. “அடே மானிடா” என்று வாயைத் திறந்தான். அவ்வளவுதான்.

“வெட்டிப்போட்டன்,” என்றார் அப்பா.

“ஐயா, அவன் இன்னும் பேசி முடிக்கலீங்க,” என்றார் சேதுராமன். பூதராசாவின் பேச்சை இரண்டு கிழமையாக யோசித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் அவர்.

“பேசி என்ன செய்யப் போறான்? சாகப் போறவன்தானே. கட்டையை உருட்டட்டோ?”

உருட்டத் தேவையில்லை. பூதராசாவின் பலம் பதினாறு. இடியேறனின் பலம் நாற்பத்தேழு. அந்த வெட்டு பூதராசாவையும், அவன் சிம்மாசனத்தையும், பின்னாலிருந்த கோட்டைச் சுவரையும் தாண்டிப் போய், வெளியே ஓடிய ஆற்றை இரண்டாகப் பிளந்தது. அன்று முதல் அந்த நாட்டில் இரண்டு ஆறுகள்.

“நல்லதுதானே,” என்றார் ஸுலைஹா ராத்தா. “ஒண்டுல குளிக்கலாம், மத்ததுல உடுப்புக் கழுவலாம்.”

சேதுராமன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு என்று அவர் கட்டிவைத்த கதை அரைமணி நேரத்தில் முடிந்திருந்தது.

இது எண்பத்தொன்பதாம் ஆண்டு. நாங்கள் கண்டியில் கட்டுக்கலையில் இருந்தோம். அரசாங்கம் போட்ட ஊரடங்கு ஒரு பக்கம், சுவரொட்டி ஒட்டிய கிளர்ச்சிக்காரர்கள் போட்ட ஊரடங்கு மறுபக்கம். இரண்டுக்கும் பயந்து கடைகள் மூடிக் கிடக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் மூடிவிட்டார்கள். மகாவலி ஆற்றில் என்ன மிதந்து போகிறது என்பதை ஒருவரும் உரக்கச் சொல்வதில்லை. நான் அந்தப் பல்கலைக்கழகத்து நூலகத்தில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டில் இருந்தேன்.

சேதுராமனும் வேலையில்லாமல்தான் இருந்தார். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் பௌதிகம் படித்து, அங்கேயே உதவி விரிவுரையாளராக இருந்தவர். எங்கள் வீட்டோடு ஒட்டிய அறையில் குடியிருந்தார். அந்த அறைக்குத் தனி வாசல் உண்டு. அம்மா அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தவறாமல் சொல்லுவார். சேதுராமனின் பௌதிகப் பகுதியில் கொஞ்சக் காலம் படிப்பித்த ஒரு வெள்ளைக்காரர், நிலைமை மோசமானதும் ஊருக்குப் போனார். போகும்போது புத்தகங்களைப் பகிர்ந்து கொடுத்தார். சேதுராமனின் பங்குக்கு ஒரு வெப்பவியல் புத்தகமும், அட்டையில் நெருப்பு கக்கும் பறவைநாகம் போட்ட இந்த விளையாட்டுப் புத்தகமும் வந்தன.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஓர் ஆள். “நீங்கள் குகை வாசலுக்கு வந்துவிட்டீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதை ஆறு பக்கக் கட்டையை உருட்டிப் பார்ப்பது. சேதுராமன் நடத்துவார். பக்கத்து வீட்டு ஸுலைஹா ராத்தாவும் நானும் விளையாடுவோம். நாங்கள் அக்கா என்பதை அவர்கள் வீட்டில் ராத்தா என்பார்கள். ராத்தாவின் கணவர் வியாபாரத்துக்காகக் குருநாகலில் மாட்டிக்கொண்டிருந்தார். ஊரடங்கு நேரத்தில் வேலியில் இருந்த ஓட்டையால் ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அப்பா விளையாட வந்தது யாரும் எதிர்பார்க்காதது. என் அப்பா தம்பிராஜா தபாலதிபராக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் சாமான் அறையில் ஒளித்து வைத்தது. கதவிடுக்கால் புகை வந்தது. என் அண்ணா அன்று காலை பட்டணத்துக்குப் போயிருந்தான். திரும்பி வரவில்லை. அதன் பிறகு அப்பா வேலைக்குப் போகவில்லை. பிரம்புக் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் சொல்லுவார். கேட்காவிட்டால் இல்லை.

ஒருநாள் நாங்கள் கதையில் ஓர் ஆற்றங்கரையில் நின்றோம். பாலம் இல்லை என்றார் சேதுராமன். சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

“பாலமில்லையெண்டா அந்தப் பக்கத்து ஊருக்குத் தபால் எப்பிடிப் போகும்?”

நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். சேதுராமன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அதுதாங்க ஐயா பிரச்சினை. மூணு மாசமாத் தபால் போகல. சனங்க அழுவுறாங்க.”

அப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

புதிய ஆள் ஒன்றை உண்டாக்குவதற்குக் கட்டையை மூன்று முறை உருட்டி, வந்ததைக் கூட்ட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதுதான் அந்த ஆளின் பலம்; மந்திரக்காரர்களுக்கு அறிவு. தாயத்திலும் லூடோவிலும் வளர்ந்த எங்களுக்கு, ஆறு விழுந்தால் இன்னொரு தரம் போடுவது மூச்சு விடுகிற மாதிரி. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விசயத்தை எவன் எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைத்தோம். போதாததற்குக் கட்டை ராத்தா வீட்டு லூடோப் பெட்டியில் இருந்து வந்தது. அதன் மூலையொன்றை அவருடைய கடைசி மகள் பல் முளைத்த காலத்தில் கடித்திருந்தாள். அதற்குப் பிறகு ஆறு விழுத்துவதில் அது ஒரு தாராளம் காட்டியது.

அப்பா உருட்டினார். ஆறு. மறுபடி ஆறு. மறுபடி ஆறு. ராத்தா எழுந்து நின்றுவிட்டார். மறுபடி ஆறு. பிறகு ஐந்து. முதலாவது உருட்டலுக்கே இருபத்தொன்பது. மற்ற இரண்டையும் சேர்த்தால் நாற்பத்தேழு. அப்பா முகத்தில் ஒன்றையும் காட்டாமல், “பெயர் இடியேறன்,” என்றார். அந்தப் பெயரை அவர் எவ்வளவு காலமாக மனதில் வைத்திருந்தாரோ தெரியாது.

ராத்தாவின் ஆள் நூர்மணி என்ற மந்திரக்காரி, அறிவு முப்பத்தொன்பது. சமுத்திரத்தை வற்றச் செய்வாள், வானத்தை மடித்து வைப்பாள். ஆனால் ராத்தாவுக்கு அவற்றில் அக்கறை இல்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் நூர்மணி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை திறந்துவிடுவாள். பறவைநாகத்தை அடுப்பு மூட்ட வைத்திருந்தாள்.

எனக்கு ஓர் ஆறு கூட விழவில்லை. கொடி என்ற மருத்துவச்சி; பலம் ஒன்பது. மருந்துப் பையும் இடியேறனின் குடையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாள்.

பூதராசா செத்த கிழமை சேதுராமன் வேறு வழி பிடித்தார். இடியேறனை எந்தப் பூதத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பலத்தால் முடிக்க முடியாத வேலைகளாகத் தேடிக் கொடுத்தார். இடியேறன் குள்ளர்களின் நாட்டில் ஒரு பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றான்.

“நான் ஆர் எண்டு தெரியுமோ?” என்றார் அப்பா.

“தெரியுமே,” என்றார் சேதுராமன், மூக்கால் பேசும் குள்ளக் கடைக்காரராக. “இடியேறன். நாட்டையெல்லாம் காப்பாத்தினவரு. வரிசை அந்தப் பக்கம்.”

அப்பாவின் முறை வந்தபோது பாண் முடிந்துவிட்டது. அப்பா சிரித்தார். அன்று காலை உண்மையிலேயே பாண் வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்தவர் அவர்.

இன்னொரு நாள் ஒரு பூதக் குழந்தை அழுதது. அது அழுதால் மலையிலிருந்து கல் உருளும். கீழே ஓர் ஊர்.

“வெட்டினா?” என்றார் அப்பா.

“குழந்தைங்க ஐயா.”

“தூரத்தில கொண்டுபோய் விட்டா?”

“போஸ்ட்மாஸ்டர்! பச்சப் புள்ள!” என்று ராத்தா மேசையில் அடித்தார். “வாப்பா உம்மா இல்லாத புள்ளயாக்கும்.”

அப்பா கொஞ்ச நேரம் கட்டையை உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தாலாட்டத் தொடங்கினார். சொற்கள் பாதி மறந்துபோய், மெட்டு மட்டும் ஒழுங்காக வந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா பாதித் தேங்காயோடு வந்து வாசலில் நின்றார். நானும் அண்ணாவும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கேட்ட குரல் அது. சேதுராமன், “குழந்தை தூங்கிடுச்சுங்க,” என்று மெதுவாகச் சொன்னார். அப்பா இன்னும் இரண்டு வரி பாடிவிட்டுத்தான் நிறுத்தினார். அரைத்தூக்கத்தில் விட்டால் திரும்ப எழும்பிவிடுமாம்.

நான் சேதுராமனைக் கல்யாணம் கட்ட விரும்பினேன். அது எப்போது தொடங்கியது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. கதைக்குள் ஓர் ஆட்டுக்காரன் வருவான். கொடி தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்றடியில் நின்று ஏதாவது பகிடி சொல்லுவான். கிணறு இல்லாத பாலைவனத்திலும் நின்றான். பனிமலை உச்சியிலும் நின்றான். எங்கள் ஆட்கள் கடலுக்கடியில் இருந்த ஒரு பட்டணத்துக்குப் போனபோது அங்கேயும் நின்றான்.

“இந்த ஆட்டுக்காரன் ஏன் நாங்க போற எடமெல்லாம் நிக்கிறான்?” என்றார் ராத்தா. “கடலுக்கு அடியில ஆடு எனத்தத் திங்கிற?”

“பாசிங்க,” என்றார் சேதுராமன். காது சிவந்துவிட்டது.

அப்பா மட்டும் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவர் திமிங்கிலமொன்றைத் தோளில் சுமந்துகொண்டிருந்தார்.

சேதுராமன் இன்று இல்லை. தொண்ணூற்றாறில் கொழும்புக்கு ஒரு வேலையாகப் போனவரைக் குண்டு கொண்டுபோய்விட்டது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அந்த மேசையில் வழக்கமாக இருந்தவர்களில் ராத்தாவும் நானும்தான் மிச்சம். சந்திக்கும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது கடலுக்கடியில் மேய்ந்த ஆடுகளைப் பற்றித்தான். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்போம்.

அந்த நாட்களில் சேதுராமனும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டிருந்தோம். வீட்டில் சொல்ல வழி தெரியவில்லை. சேதுராமனைப் பற்றி அப்பாவுக்கு நல்ல அபிப்பிராயம். “அருமையான பிள்ளை,” என்பார். அடுத்த மூச்சிலேயே, “எங்கட ஆக்களாயிருந்தா எவ்வளவு நல்லது,” என்பார். யாழ்ப்பாணத்து ஆளாக இல்லாமல் தோட்டத்தில் பிறந்தவர் என்பதுதான் பொருள். இதற்கிடையில் லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ராஜரத்தினம், பொறியியலாளர். பேராதனையில் டொக்டராக இருந்த தன் பெரியம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

“இண்டைக்கே கதைச்சு முடிச்சிடலாம்,” என்றார் அப்பா காலையில், சவரம் செய்துகொண்டே.

ராஜரத்தினம் தனியாக வந்தார். பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் அவசர வேலை. உயரமான, வெட்கமான, நல்ல மனிதர். அவரை வெறுக்கலாம் என்று காத்திருந்த எனக்கு அது பெரிய தொல்லையாகப் போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் சொன்னார்கள்: பகல் ஒரு மணியிலிருந்து ஊரடங்கு. அவர் போக முடியாது. வேலி ஓட்டையால் ராத்தா வந்து சேர்ந்தார். தனி வாசலால் சேதுராமன் வந்தார். மாப்பிள்ளைக்கு வணக்கம் சொல்லிவிட்டு மூலையில் நின்றார்.

அப்போதுதான் ராஜரத்தினம் அலுமாரியின் மேலிருந்த புத்தகத்தைக் கண்டார்.

“ஐயோ, இதை நீங்கள் விளையாடுறனீங்களோ? கண்டியிலயோ?” அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. லண்டனில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளையாடுகிறாராம்.

அப்பாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். “என்ர ஆள் இடியேறன். பலம் நாற்பத்தேழு.”

ராஜரத்தினம் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“பதினெட்டுக்கு மேல போகாது, அங்கிள்.”

“ஏன் போகாது?”

“மூண்டு தரம் ஆறு விழுந்தாலும் பதினெட்டுத்தானே.”

“ஆறு விழுந்தா மறுபடி போடுவம்தானே?”

“இல்லை அங்கிள். ஆறு விழுந்தா ஆறுதான். அடுத்ததைப் போட வேண்டியதுதான்.”

“ஆறு விழுந்த பிறகுமோ?” என்றார் அப்பா. இப்படியும் ஒரு நாடு இருக்கிறதா என்கிற மாதிரி.

சேதுராமன் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தார். “இவரு சொல்றது சரிங்க ஐயா,” என்றார். “நாமதான் சேத்துக்கிட்டோம்.”

“அதென்ன பெரிய வேலை?” என்றார் ராஜரத்தினம் உற்சாகமாக. “புதுசா ஆள் செய்வம். நான் நடத்திறன். சரியான விதிப்படி விளையாடினாத்தான் இதில ருசி.”

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அப்பா மறுப்புச் சொல்லத் தெரியாமல் உருட்டினார். கடிபட்ட கட்டைக்கு அன்று என்ன நடந்ததோ, இரண்டு, ஒன்று, நான்கு. பலம் ஏழு. அந்த ஆளுக்கு அப்பா பெயரே வைக்கவில்லை. குகை வாசலில் ஒரு பள்ளம். கட்டை உருட்டப்பட்டது. ஆள் விழுந்தான். பள்ளத்தின் அடியில் ஓர் எலி. கட்டை உருட்டப்பட்டது.

“செத்துப்போனார், அங்கிள்,” என்றார் ராஜரத்தினம் வருத்தத்தோடு. “முதல் நாளில இது சகஜம்.”

அப்பா எழுந்தார். தன் பிரம்புக் கதிரையைத் தூக்கினார். சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தார். ராஜரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அந்த முதுகை நாங்கள் வருசக்கணக்காகப் பார்த்தவர்கள்.

சேதுராமன் மேசைக்கு வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். “ஒரு நிமிசம் இடம் குடுங்க சார்,” என்று ராஜரத்தினத்திடம் சொன்னார். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்து, “ஐயா, இடியேறன் இப்ப எங்க நிக்கிறாரு?” என்றார்.

சேதுராமன் கட்டையைத் தன் பக்கம் இழுத்தார்.

“போன கிழமை குளக்கரையில விட்டோம். தோளில திமிங்கிலம் இருந்துச்சு. அது பாவம், தண்ணியில்லாமக் கிடக்குது.”

“திமிங்கிலத்தை அண்டைக்கே இறக்கியாச்சு,” என்றார் அப்பா சுவரைப் பார்த்து.

“அப்ப கையில ஒண்ணுமில்ல.”

“ஒண்டுமில்லை.” கதிரை மெல்லத் திரும்பியது. “தம்பி ராஜரத்தினம், உங்கட விதிப்படி பாத்தா இடியேறன் இருக்க ஏலாது. என்ன?”

“ஏலாது, அங்கிள்.”

“அவன் மாசக்கணக்கா இந்த வீட்டில இருக்கிறான்,” என்றார் அப்பா. அப்படியே மேசைக்கு வந்து சேர்ந்தார்.

ஊரடங்கு எடுத்ததும் இந்த நல்ல மனிதர் பெரியம்மா வீட்டுக்குப் போவார். போகும்போது அப்பா சம்மதம் சொல்லி அனுப்புவார். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் கொடுத்த வாக்கை முறிப்பதாகிவிடும். சேதுராமன் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டுச் சோறு தின்றவர் என்ற ஒன்றே அவர் வாயைக் கட்டிவிடும். சொல்வதென்றால் நான்தான். அப்பா இடியேறனாக இருக்கும்போதுதான்.

“கொடி இடியேறனுக்கு முன்னால வந்து நிக்கிறாள்,” என்றேன்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“அவள் ஆட்டுக்காரனைக் கட்டப் போறாளாம்.”

ராத்தா, “அல்லாஹ்வே,” என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். சேதுராமன் கட்டையைத் தேடுகிற பாவனையில் மேசைக்குக் கீழே குனிந்தார். கட்டை மேசை மேலேதான் இருந்தது.

“எந்த ஆட்டுக்காரன்?” என்றார் அப்பா.

“கிணத்தடியில நிக்கிறவன்.”

“கடலுக்கு அடியிலயும் நிண்டவனோ?”

“ஓம்.”

“அவன் ஆர்? எவடம்? தாய் தகப்பன் ஆர்?”

“உங்களுக்குத் தெரியும் அப்பா.”

கதைக்குள் கொடி இடியேறனை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. அப்பா என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்திருந்த முதுகைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

“இது ஆட்டத்திலயோ பிள்ளை?”

“இல்லை அப்பா.”

அப்பா எழுந்து நின்றார். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. யன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை முகில் மூடாமல் பச்சையாகத் தெரிந்தது. அப்பா அதை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார்.

“இடியேறன் ஹந்தானையைத் தூக்கிறான்,” என்றார்.

கதையை நடத்துபவர் பதில் சொல்லியாக வேண்டும். சேதுராமன் மேசைக்குக் கீழேயிருந்து வந்தார். “தூக்கிட்டாருங்க,” என்றார்.

அப்பாவின் கைகள் தலைக்கு மேல் போய்விட்டன. “எறியப் போறான்.”

“எந்தப் பக்கம் ஐயா?”

“தெற்க.”

சேதுராமன் அவசரமாகக் கையை உயர்த்தினார். “தெற்கே புசல்லாவைங்க. அப்பா அம்மா இருக்காங்க.”

“அப்ப கிழக்க.”

“கிழக்கே மடுல்கெல்ல. எங்க சின்னம்மா வீடு.”

“உம்மட ஆக்கள் இல்லாத பக்கம் இல்லையோ காணும்?”

“வடக்க எறிஞ்சா உங்கட ஆக்களாக்கும்,” என்றார் ராத்தா வாயிலிருந்து கையை எடுக்காமல்.

அப்பா தலைக்கு மேல் மலையோடு மேற்குப் பக்கம் திரும்பினார். அங்கே ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவர் இவ்வளவு நேரமும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மேற்க எறியாதேங்கோ அங்கிள்,” என்றார். “நான் லண்டனுக்குத் திரும்பிப் போகவேணும். தனியாத்தான் போறன், எண்டாலும் போகவேணும்தானே.”

இந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதருக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் அவர் அங்கேயே ஒரு மருத்துவத்தாதியைக் கட்டினார். இரண்டு பிள்ளைகள். எங்களுக்குத் தவறாமல் வாழ்த்து மடல் வரும்.

அப்பாவுக்கு மலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகள் மெல்லத் தாழத் தொடங்கின. வெறும் கைகள்தான், ஆனால் அறுபது வயது மனிதர் எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிற்பது?

அம்மா தட்டோடு குசினியிலிருந்து வந்தார். அந்த விளையாட்டில் ஒருநாளும் சேராதவர், அதைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லாதவர்.

“இஞ்சேருங்கோ, மலையை வைச்சிட்டு வாங்கோ,” என்றார். “தேத்தண்ணி ஆறுது.”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“ஆட்டுக்காரனுக்கும் சேர்த்துத்தான் ஊத்தியிருக்கிறன்,” என்றார் அம்மா. “அவருக்குச் சீனி குறைவு. அது எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாது.”

“எங்க வைக்கிறது இதை?” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

“எடுத்த இடத்திலேயே வைங்க ஐயா,” என்றார் சேதுராமன். “மெதுவா. அடிவாரத்துல ஆளுங்க இருக்காங்க.”

அப்பா யன்னல் பக்கம் திரும்பினார். முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்து, அங்குலம் அங்குலமாகக் கைகளை இறக்கினார். ஒரு பக்கம் சரிந்துவிடக் கூடாது என்று இடது கையைக் கொஞ்சம் உயர்த்திச் சரிபார்த்தார். ராத்தா அறியாமலே தானும் கையை நீட்டித் தாங்கினார். ராஜரத்தினம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். ஹந்தானை இருந்த இடத்தில் இருந்தது.

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஆறுதலாக இன்னொரு வாய் குடித்தார்.

“தம்பி,” என்றார் சேதுராமனைப் பார்க்காமல், “புசல்லாவைக்கு இப்ப பஸ் ஓடுதோ?”

“ஊரடங்கு இல்லாத நாளில ஓடுதுங்க.”

“அப்ப உம்மட அப்பா அம்மாவை வந்து கதைக்கச் சொல்லும். ஆட்டத்தில இல்லை. வீட்டில.”

சேதுராமன் தலையை ஆட்டினார், ஆட்டினார், நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“வருவாங்களாம் போஸ்ட்மாஸ்டர்,” என்றார் ராத்தா. “நான் வட்டிலாப்பம் செஞ்சு வைக்கிறேன். முட்டை போட்டது சாப்பிடுவாங்களா புள்ள?”

“அதெல்லாம் சாப்பிடுவினம்,” என்றேன் நான். மேசையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புசல்லாவை வீட்டுச் சாப்பாடு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அம்மா வாயைத் திறந்தார். பிறகு சிரித்துவிட்டார்.